ஒப்பந்தப் பணியாளருக்கு நிரந்தரப் பணி: மைக்ரோசாப்ட் வழக்கும் அதன் வரலாற்றுப் பின்னணியும்

ஒரு நிறுவனம் தன்னிடம் ஃப்ரீலான்ஸ் முறையில், அதாவது தனிநபர் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்துவரும் ஒருவரை அழைத்து, "எங்கள் நிரந்தரப் பணியாளராகச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று கேட்பது இன்று பல நாடுகளில் காணப்படும் வழக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் இது வியப்பளிக்கும். ஒப்பந்தப் பணியாளருக்கு விடுப்புச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு ஆகியவற்றைத் தர வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் எளிதாக அனுப்பிவிடலாம். அப்படியிருக்க, ஒரு நிறுவனம் ஏன் தானாக முன்வந்து அந்தச் சுமைகளை ஏற்க வேண்டும்?

இக்கேள்விக்கு விடை தரும் வரலாற்று நிகழ்வுகளில் முக்கியமானது, அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் 1980களின் இறுதியில் தொடங்கி 2000ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்த ஒப்பந்தப் பணியாளர் பிரச்சினையாகும். இக்கட்டுரை அந்நிகழ்வை மையமாகக் கொண்டு, அதற்கு முந்தைய பின்னணியையும், பிரிட்டன், இந்தியா, தமிழ்நாடு ஆகிய இடங்களில் இதே கேள்வி எழுந்த விதத்தையும் விளக்குகிறது.

இரு வகை உறவுகள்

வேலை தருபவருக்கும் வேலை செய்பவருக்கும் இடையிலான உறவைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, பணியாளர் உறவு. மற்றொன்று, சுயேச்சையான ஒப்பந்ததாரர் உறவு.

இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். வீட்டுக்குக் கதவு செய்ய ஒரு தச்சரை அழைத்து, இவ்வளவு கூலி என்று பேசி முடிக்கிறோம். அவர் தம் உளியையும் இழைப்புளியையும் கொண்டுவந்து, தமக்குத் தெரிந்த முறையில் வேலையை முடித்துப் பணம் பெற்றுச் செல்கிறார். இடையில் வேறு வீட்டு வேலையையும் பார்க்கலாம். தமக்குப் பதிலாக வேறொரு தச்சரை அனுப்பவும் செய்யலாம். இவர் ஒப்பந்ததாரர். அதே தச்சர் ஒரு மரப்பட்டறையில் காலை ஒன்பது மணிக்கு வந்து, பட்டறைக்காரரின் கருவிகளைக் கொண்டு, அவர் சொல்லும் வேலையை அவர் சொல்லும் முறையில் மாலை வரை செய்தால் அவர் பணியாளர்.

இவ்விரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல் உள்ளது. பட்டறையில் தினமும் வேலை செய்யும் தச்சரிடம், "நான் ஒப்பந்ததாரர்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அவர் யார்? தாளில் உள்ளதைப் பார்ப்பதா, நடப்பதைப் பார்ப்பதா? கீழே விவரிக்கப்படும் வழக்குகள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே எழுந்தவை.

முற்காலப் பின்னணி: துறைமுகமும் தொழிற்சாலையும்

நிலையற்ற வேலையை நிலையான வேலையாக மாற்றும் முயற்சி கணினி யுகத்தில் தொடங்கியதன்று. 19ஆம் நூற்றாண்டின் லண்டன் துறைமுகங்களில் தொழிலாளர் அன்றன்றைக்கே அமர்த்தப்பட்டனர். கப்பல் வருவது காற்றையும் கடல் ஏற்ற இறக்கத்தையும் வணிகத்தையும் பொறுத்தது. எனவே வேலை இருக்கும்போது மட்டும் ஆள் எடுப்பதே துறைமுக முதலாளிகளுக்கு வசதியாக இருந்தது. காலையில் வாயிலில் கூடும் கூட்டத்திலிருந்து சிலரை மேற்பார்வையாளர் தேர்ந்தெடுப்பார். மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவர்.

1889ஆம் ஆண்டு நடந்த லண்டன் துறைமுகப் பெரும் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டுப் போராடி வெற்றி பெற்றனர். ஆனால் அன்றாடம் ஆள் எடுக்கும் முறை நீடித்தது. 1947இல் வந்த தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் தொழிலாளரைப் பதிவு செய்து, வேலை கிடைக்காத நாளிலும் ஒரு தொகை வழங்க வழி செய்தது. 1965இல் நீதிபதி டெவ்லின் தலைமையிலான குழு, நிலையற்ற வேலைமுறையே துறைமுகங்களின் அமைதியின்மைக்கும் திறமைக் குறைவுக்கும் முக்கியக் காரணம் என்று சுட்டிக்காட்டியது. அதன் விளைவாக 1967 செப்டம்பரில் பதிவு பெற்ற தொழிலாளர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு முதலாளியிடம் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டனர்.

இந்தியாவிலும் இதே நோக்கில் 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1950களின் தொடக்கத்தில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் அமைந்தன.

தொழிற்சாலைகளில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. அமெரிக்காவின் ஃபோர்டு கார் நிறுவனத்தில் 1913ஆம் ஆண்டில் வேலையை விட்டுச் சென்றோரின் விகிதம் 370 சதவீதம். சுமார் 14,000 பேரை வைத்துக்கொள்வதற்காக ஓராண்டில் 52,000க்கும் மேற்பட்டோரை அமர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு புதியவருக்கும் பயிற்சி தர வேண்டும்; அவர் தடுமாறினால் ஓடும் உற்பத்தி வரிசை முழுவதும் தடுமாறும். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வேலைக்கு 2.34 டாலர் என்றிருந்ததை எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர் வரை என்று உயர்த்தினார். ஃபோர்டின் தொழிலாளர் ஃப்ரீலான்சர்கள் அல்லர் என்றாலும், ஆள் நிலைத்து நிற்பதற்கு ஒரு விலை உண்டு, நிற்காமல் போவதற்கு அதைவிடப் பெரிய விலை இருக்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பொருளியல் அறிஞர்களின் விளக்கம்

1937இல் பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் ரொனால்டு கோஸ் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். சந்தையில் எல்லாச் சேவைகளையும் விலைக்கு வாங்க முடியும் என்றால், நிறுவனம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது? அவர் கண்ட விடை: சந்தையைப் பயன்படுத்துவதற்கும் செலவு உண்டு. தகுந்த ஆளைத் தேட வேண்டும், கூலி பேச வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும், வேலை மாறினால் மீண்டும் பேச வேண்டும். இந்தச் செலவு கூடும்போது, பல சிறு ஒப்பந்தங்களுக்குப் பதிலாக ஒரே நீண்ட ஒப்பந்தத்தைச் செய்துகொள்வது மலிவாகிறது. அந்த நீண்ட ஒப்பந்தமே வேலைவாய்ப்பு. கோஸுக்கு 1991இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1951இல் ஹெர்பர்ட் சைமன் இதனோடு மற்றொரு கருத்தைச் சேர்த்தார். நாளை என்ன வேலை தேவைப்படும் என்பது இன்று தெரியாத நிலையில், சில எல்லைகளுக்குள் எந்த வேலையைச் சொன்னாலும் செய்ய ஒப்புக்கொள்ளும் ஒருவர் தேவைப்படுகிறார். வேலை இன்னது என்று முன்கூட்டியே எழுதிவிட முடிந்தால் ஒப்பந்ததாரர் போதும். எழுத முடியாவிட்டால் பணியாளர் வேண்டும்.

இக்கருத்துகள் ஒரு நிறுவனம் எப்போது ஒப்பந்தப் பணியாளரை உள்ளே அழைக்கும் என்பதை ஓரளவு விளக்குகின்றன. ஆனால் மைக்ரோசாப்டில் முதல் தள்ளுதலைத் தந்தது பொருளியல் கணக்கு மட்டுமன்று, வரிக் கணக்கும்தான்.

மைக்ரோசாப்டில் ஃப்ரீலான்சர்கள்

1986 மார்ச் மாதம் பங்குச் சந்தையில் நுழைந்த மைக்ரோசாப்ட், அதற்கடுத்த ஆண்டுகளில் மிக வேகமாக வளர்ந்தது. ஒரு மென்பொருள் வெளியாகும் முன் சோதனை செய்யவும் கையேடுகள் தயாரிக்கவும் அதிக ஆட்கள் தேவைப்பட்டனர். நிறுவனம் தன் நிரந்தரப் பணியாளர்களோடு ஃப்ரீலான்சர்களையும் அமர்த்தியது. அவர்கள் மென்பொருள் சோதனையாளர், தயாரிப்புப் பதிப்பாசிரியர், மெய்ப்புத் திருத்துநர், பக்க வடிவமைப்பாளர், சொல்லடைவு தயாரிப்பவர் போன்ற வேலைகளைச் செய்தனர்.

நீதிமன்றத் தீர்ப்புகளில் பதிவான விவரங்களின்படி, இவர்களில் பலர் நீண்ட காலம் அங்கேயே வேலை செய்தனர். நிரந்தரப் பணியாளர்கள் இருந்த அதே குழுக்களில், அதே மேற்பார்வையாளர்களின்கீழ், அதே நேரத்தில், அதே வகை வேலையைச் செய்தனர். நிறுவன வளாகத்திலேயே வேலை செய்ய வேண்டும் என்பது விதி. நுழைவு அட்டை, அலுவலகக் கருவிகள் அனைத்தையும் நிறுவனமே தந்தது. தம் வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

வேறுபாடுகள் வேறு இடங்களில் இருந்தன. அவர்களின் பேட்ஜ் வேறு நிறத்தில் இருந்தது. மின்னஞ்சல் முகவரி வேறு மாதிரி இருந்தது. நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ விழாக்களுக்கு அழைப்பு இல்லை. மிகைநேர ஊதியம் இல்லை. சம்பளப் பிரிவிலிருந்து சம்பளம் வருவதற்குப் பதிலாக, கடைக்காரர் பில் போடுவதுபோல் பில் எழுதிக் கணக்குப் பிரிவில் கொடுத்துப் பணம் பெற்றனர். சேரும்போதே, தாம் சுயேச்சையான ஒப்பந்ததாரர் என்றும், வரி, காப்பீடு, இதர சலுகைகள் எல்லாம் தம் பொறுப்பு என்றும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தனர்.

வரித்துறையின் ஆய்வும் நிரந்தரப் பணி அழைப்பும்

1989, 1990 ஆண்டுகளில் அமெரிக்க உள்நாட்டு வருவாய்த் துறை மைக்ரோசாப்டின் வேலைவாய்ப்புப் பதிவுகளை ஆய்வு செய்தது. பணியாளர் என்றால் சம்பளத்திலிருந்து வரியைப் பிடித்துச் செலுத்துவதும், சமூகப் பாதுகாப்பு வரியில் நிறுவனத்தின் பங்கைக் கட்டுவதும் முதலாளியின் கடமை. ஒப்பந்ததாரர் என்றால் அந்தக் கடமை இல்லை. எனவே ஒருவர் யார் என்பது அரசின் வருவாயோடு நேரடித் தொடர்புடையது.

இதைத் தீர்மானிக்க வருவாய்த் துறை 1987இல் இருபது அளவுகோல்களைத் தொகுத்திருந்தது. வேலை செய்யும் முறையை யார் நிர்ணயிக்கிறார், பயிற்சியை யார் தருகிறார், கருவிகள் யாருடையவை, நேரத்தை யார் வகுக்கிறார், இலாப நட்டம் யாருக்கு என்பன போன்றவை அவை. அடிப்படையில் அவை அனைத்தும், வேலையைக் கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்ற ஒரே வினாவின் கிளைகள். இந்த அளவுகோல்களின்படி, மைக்ரோசாப்டின் ஃப்ரீலான்சர்கள் உண்மையில் பணியாளர்களே என்று துறை முடிவு செய்தது.

மைக்ரோசாப்ட் அம்முடிவை ஏற்றது. கடந்த காலத்துக்கான வரிப் பங்கைச் செலுத்தியது. சிலருக்கு மிகைநேர ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்க ஒப்புக்கொண்டது. இனி இதே முறையில் ஆள் வைக்க முடியாது என்ற நிலையில் இரண்டு வழிகளைக் கையாண்டது. ஃப்ரீலான்சர்களில் சிலருக்கு நிரந்தரப் பணி தர முன்வந்தது. மற்றவர்களிடம், வேலையை விட்டு விலகலாம் அல்லது ஒரு தற்காலிகப் பணியாளர் முகமையின் ஆட்களாக மாறி இதே வேலையைத் தொடரலாம் என்றது. முகமை சம்பளத்தைக் கொடுக்கும், வரியைப் பிடிக்கும். வேலை மைக்ரோசாப்டிலேயே நடக்கும்.

நிரந்தரப் பணிக்கான அழைப்பு இங்கு எப்போது வந்தது என்பது கவனிக்கத்தக்கது. அந்த ஆட்களின் திறமை நிறுவனத்துக்கு முன்பே தெரியும். ஆனாலும், அவர்களை வெளியாட்களாகக் காட்டும் வழி அடைபட்ட பிறகே அழைப்பு வந்தது. அதுவும் எல்லோருக்கும் வரவில்லை.

வழக்கு

வருவாய்த் துறையின் முடிவை அறிந்த ஃப்ரீலான்சர்கள் சிலர், "நாங்கள் பணியாளர்களே என்றால், பணியாளர்களுக்குரிய சலுகைகள் எங்களுக்கும் உரியவை அல்லவா?" என்று கேட்டனர். நிறுவனம் மறுத்தது. 1987 முதல் 1990 வரையிலான காலத்தில் வேலை செய்த எட்டுப் பேர் 1992இல் வழக்குத் தொடர்ந்தனர். இது சட்ட வரலாற்றில் 'விஸ்கைனோ எதிர் மைக்ரோசாப்ட்' என அறியப்படுகிறது.

அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம். மற்றொன்று, பணியாளர் பங்கு வாங்கும் திட்டம். இரண்டாவது திட்டத்தின்படி, ஆறு மாதக் காலத்தின் முதல் நாள் விலை, கடைசி நாள் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதில் 85 சதவீதத்துக்குப் பணியாளர் பங்குகளை வாங்கலாம். ஒரு கணக்காகப் பார்ப்போம். முதல் நாள் பங்கின் விலை 100 டாலர், கடைசி நாள் 140 டாலர் என்றால், பணியாளர் 85 டாலருக்கு வாங்குவார். பங்கு ஒன்றுக்கு 55 டாலர் ஆதாயம். விலை 100இலிருந்து 80ஆக இறங்கினாலும் அவர் 68 டாலருக்கு வாங்குவார். அப்போதும் 12 டாலர் ஆதாயம். மைக்ரோசாப்ட் பங்கு 1990களில் பன்மடங்கு உயர்ந்தது. அருகருகே அமர்ந்து ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவருக்கு இந்த வாய்ப்பு இருந்தது, மற்றவருக்கு இல்லை. வழக்கில் உண்மையில் பணயமாக இருந்தது இதுதான்.

மாவட்ட நீதிமன்றம் முதலில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1996இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 1997இல் அதே நீதிமன்றத்தின் விரிவான அமர்வும் பணியாளர் பக்கமே நின்றது.

நிறுவனத்தின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவர்கள் வயது வந்தவர்கள். சலுகை இல்லை என்று தெரிந்தே கையெழுத்திட்டவர்கள். பேசிய பணத்தைப் பெற்றவர்கள். பின்னர் வந்து கூடுதலாகக் கேட்பது முறையா? நீதிமன்றம் இதற்கு வேறு கோணத்தில் விடை கண்டது. ஒருவர் பணியாளரா இல்லையா என்பதை வேலையின் உண்மை நிலைதான் தீர்மானிக்கிறது. ஒப்பந்தத்தில் 'சுயேச்சையான ஒப்பந்ததாரர்' என்று எழுதியது இரு தரப்பும் செய்த தவறான முடிவின் பதிவு மட்டுமே. தவறாக ஒட்டிய பெயர்ச்சீட்டால் உரிமை மறைந்துவிடாது. மேலும், பங்கு வாங்கும் திட்டம் வரிச்சலுகை பெறும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. அச்சலுகைக்கான சட்டப்பிரிவு, சில விலக்குகள் தவிர எல்லாப் பணியாளருக்கும் திட்டத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்று கோருகிறது. சலுகையைப் பெற்றுக்கொண்டு நிபந்தனையை மட்டும் விட்டுவிட முடியாது. ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் பற்றிய கோரிக்கையோ மறுபரிசீலனைக்காகத் திட்ட நிர்வாகியிடமே திருப்பி அனுப்பப்பட்டது.

1999இல் நீதிமன்றம் இன்னொரு படி சென்றது. முகமை வழியாகச் சம்பளம் பெறுபவர்களும், மைக்ரோசாப்டின் கட்டுப்பாட்டில் வேலை செய்தால், பங்குத் திட்டத்தைப் பொறுத்தவரை மைக்ரோசாப்டின் பணியாளராக இருக்க முடியும் என்றது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு முதலாளிகளின் பணியாளராக இருக்கலாம் என்பது இதன் பொருள். முகமை என்ற இரண்டாவது வழியும் இதனால் ஆபத்தானதாயிற்று.

2000 டிசம்பரில் இருதரப்பும் சமரசத்துக்கு வந்தன. மைக்ரோசாப்ட் சுமார் 9 கோடியே 70 இலட்சம் டாலர் வழங்க ஒப்புக்கொண்டது. பயன்பெறுவோர் 8,000 முதல் 12,000 பேர் வரை இருக்கலாம் என அப்போது மதிப்பிடப்பட்டது. அத்தொகையில் 28 சதவீதம் வழக்கறிஞர் கட்டணமாக அனுமதிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தும் தற்காலிகர் என்றே அழைக்கப்படுவோரைக் குறிக்க 'பெர்மாடெம்ப்', அதாவது நிரந்தரத் தற்காலிகர் என்ற சொல் அமெரிக்காவில் பரவலானது இக்காலத்தில்தான்.

வழக்கின் இரு விளைவுகள்

வழக்குக்குப் பின் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தப் பணியாளர் பட்டியலைப் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கின. நீண்ட காலமாகப் பணியாளர்போல் வேலை செய்பவருக்கு நிரந்தரப் பணி தருவது சட்ட ஆபத்தைக் குறைக்கும் வழியாயிற்று.

மற்றொரு விளைவும் உண்டு. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. முகமைப் பணியாளர் ஒருவர் தொடர்ந்து 12 மாதங்களுக்கு மேல் வேலை செய்யக்கூடாது. அதன்பின் 100 நாட்கள் இடைவெளி விட்ட பிறகே மீண்டும் வரலாம். ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையில் தற்காலிகராக இருக்கும் நிலை இதனால் குறைந்தது. ஆனால் நிரந்தரப் பணி கிடைக்காதவர்களுக்கு, முன்பு இல்லாத கட்டாய வேலையில்லாக் காலம் ஒன்று ஏற்பட்டது. உரிமையை உறுதி செய்த தீர்ப்பே சிலருக்கு வருமான இடைவெளியையும் கொண்டுவந்தது.

நிறுவனங்கள் முன்வருவதற்கான காரணங்கள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்தும் பிற நிகழ்வுகளிலிருந்தும், நிரந்தரப் பணி தர நிறுவனங்களைத் தூண்டும் காரணங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, வரியும் சட்டமும். பணியாளரை ஒப்பந்ததாரர் என்று தவறாக வகைப்படுத்தினால் பழைய வரி, அபராதம், வழக்குச் செலவு ஆகியவை சேர்ந்து வரும்.

இரண்டாவது, படைப்பின் உரிமை. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு சிற்பம் தொடர்பான வழக்கில் முக்கியமான தீர்ப்பு வழங்கியது. வாஷிங்டனில் வீடற்றோருக்காக இயங்கிய ஓர் அமைப்பு ஒரு சிற்பியிடம் சிலை செய்யச் சொன்னது. கருத்து அமைப்பினுடையது, ஆனால் சிற்பி தம் பட்டறையில், தம் கருவிகளால் செய்தார். அவர் சுயேச்சையான ஒப்பந்ததாரர் என்பதால், அச்சிலை 'பணியின் பொருட்டுச் செய்த படைப்பு' ஆகாது என்று நீதிமன்றம் கூறியது. பணம் கொடுத்ததாலேயே பதிப்புரிமை வந்துவிடாது என்பது தெளிவாயிற்று. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியாளர் பணியின்போது செய்த படைப்புக்கு முதலாளியே முதல் உரிமையாளர். மென்பொருள் நிறுவனத்துக்கு அதன் நிரலே சொத்து. ஒப்பந்ததாரரிடம் உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றாலும், பணியாளர் உறவில் அந்தச் சிக்கல் பெரிதும் குறைகிறது.

மூன்றாவது, அறிவு வெளியேறுதல். இரண்டாண்டுகள் ஒரு திட்டத்தில் வேலை செய்தவருக்கு, எந்த ஏட்டிலும் எழுதப்படாத பல நுணுக்கங்கள் தெரியும். அவர் போனால் அவையும் போகும்.

நான்காவது, பழகிப் பார்த்த நம்பிக்கை. நேர்முகத் தேர்வு அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஆறு மாதம் உடன் வேலை செய்தவரின் குணமும் திறமையும் அதைவிட நன்றாகத் தெரியும். ஒப்பந்தக் காலம் இங்கே நீண்ட தேர்வுக் காலமாக அமைகிறது.

ஐந்தாவது, செலவுக் கணக்கு. ஒப்பந்தப் பணியாளரின் மணிக்கூலி பெரும்பாலும் அதிகம். இடையில் முகமை இருந்தால் அதன் பங்கும் சேரும். சில மாத வேலைக்கு இது இலாபம். ஆண்டுகள் நீண்டால் நிரந்தரப் பணியே மலிவாகக்கூடும்.

பிரிட்டனின் அனுபவம்

பிரிட்டனில் பல தொழில்நுட்ப வல்லுநர்கள் தம் பெயரில் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, அதன் வழியாகப் பெரிய நிறுவனங்களில் வேலை செய்தனர். வரி குறைவு என்பது அதன் ஈர்ப்பு. 1999இல் அரசு ஒரு மாற்றத்தை அறிவித்தது. நேரடியாக அமர்த்தியிருந்தால் பணியாளராகக் கருதப்படக்கூடியவர் பணியாளர்போலவே வரி செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அறிவிப்பின் எண்ணைக் கொண்டு இவ்விதி 'ஐஆர்35' எனப்பட்டது; 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

தொடக்கத்தில் தம் நிலையைத் தாமே தீர்மானிக்கும் பொறுப்பு ஒப்பந்தப் பணியாளரிடமே இருந்தது. 2017இல் பொதுத்துறையிலும், 2021 ஏப்ரலில் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களிலும் அப்பொறுப்பு வேலை தருபவரிடம் மாற்றப்பட்டது. தவறினால் விளைவும் அவருக்கே. உடனே பல பெரிய நிறுவனங்கள் இவ்வகை ஒப்பந்தங்களை நிறுத்தி, நிரந்தரப் பணிக்கு வரலாம் அல்லது விலகலாம் என்றன. விதியின் உள்ளடக்கம் ஏறத்தாழ பழையதுதான். ஆபத்தை யார் சுமப்பது என்பது மாறியதும் நிறுவனங்களின் நடத்தையும் மாறிவிட்டது.

இந்தியாவும் தமிழ்நாடும்

தாளில் உள்ளதா, நடப்பதா என்ற கேள்வியை இந்திய உச்ச நீதிமன்றம் மைக்ரோசாப்ட் வழக்குக்கு வெகு காலம் முன்பே எதிர்கொண்டது. சௌராஷ்டிராவின் உப்பளங்களில் வேலை செய்த அகாரியாக்கள், விளைந்த உப்பின் எடைக்குக் கூலி பெற்றனர். உதவிக்குத் தம் ஆட்களையும் வைத்துக்கொண்டனர். அவர்களும் தொழிலாளரே என்று 1956இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1973இல் ஒரு தையற்கடை வழக்கில், துணிக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற தையற்காரர்களும் பணியாளர்களே என்றது. தைத்தது சரியில்லை என்று திருப்பித் தரும் உரிமை கடைக்காரருக்கு இருந்ததும், தையல் எந்திரங்கள் கடைக்குரியவையாக இருந்ததும் அதற்குக் காரணங்களாயின.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஆண்டு முழுவதும் நடைபெறும் இயல்புடைய வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. தடை வந்தால் அந்தத் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிடுவரா? 1996இல் உச்ச நீதிமன்றம் ஆம் என்றது. 2001இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றி, தானாக நிரந்தரமாவது இல்லை என்றது. எனினும், ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என நிரூபணமானால் அவர்கள் முதன்மை முதலாளியின் பணியாளரே என்றும், தடைக்குப் பின் நிரந்தர ஆட்களை எடுத்தால் பழைய ஒப்பந்தத் தொழிலாளருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் கூறியது.

தமிழ்நாட்டில் இதற்கென்றே தனிச் சட்டம் உண்டு. 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டம், 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ச்சியாகப் பணியாற்றிய தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நோய், அனுமதிக்கப்பட்ட விடுப்பு, விபத்து போன்றவற்றால் ஏற்படும் இடைவெளி தொடர்ச்சியை முறிக்காது. கட்டடம், பாலம், சாலை போன்ற கட்டுமான வேலைகளில் ஈடுபடுவோருக்கு இச்சட்டம் பொருந்தாது.

480 நாட்கள் என்ற எல்லைக்கும் மைக்ரோசாப்டின் 12 மாத எல்லைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் நாட்கணக்கே கதவாக அமைகிறது. கதவை நெருங்கியவரை உள்ளே அழைப்பதும் உண்டு. கதவை எட்டும் முன் பணியை முறித்து, சில நாட்கள் கழித்துப் புதிதாகச் சேர்ப்பதும் உண்டு. இதனால்தான் தொழிலாளர் நீதிமன்றங்களில் வருகைப் பதிவேடும் சம்பளச் சீட்டும் முக்கியச் சான்றுகளாகின்றன.

பணியாளரின் பக்கம்

நிரந்தரப் பணி அழைப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இனிப்பதன்று. ஒப்பந்தப் பணியில் கைக்கு வரும் தொகை கூடுதலாக இருக்கலாம். பல நிறுவனங்களுக்கு வேலை செய்யும் உரிமை, வேலை நேரத்தைத் தாமே வகுக்கும் சுதந்திரம், தம் படைப்பின் மீதான உரிமை ஆகியவற்றைச் சிலர் விட்டுத்தர விரும்புவதில்லை. இன்னொரு பக்கம், நோயுற்ற மாதத்திலும் வரும் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மகப்பேறு விடுப்பு ஆகியவற்றின் மதிப்பு மாதச் சம்பளச் சீட்டில் முழுமையாகத் தெரிவதில்லை. ஒப்பிடுபவர் இவற்றையும் பணமாகக் கணக்கிட்டே ஒப்பிட வேண்டும்.

அழைப்பு வரும் நேரமும் அதன் காரணத்தைச் சொல்லக்கூடும். ஒரு திட்டத்தின் நடுவில் வந்தால், அறிவு வெளியேறிவிடுமோ என்ற கவலை பின்னால் இருக்கலாம். சட்டமோ வரிவிதியோ மாறிய பின் வந்தால், அந்த ஆபத்தைக் குறைப்பது நோக்கமாக இருக்கலாம். காரணம் எதுவென்று தெரிந்தவர், சம்பளத்தையும் நிபந்தனைகளையும் அதற்கேற்பப் பேசிப் பெற முடியும்.

முடிவுரை

லண்டன் துறைமுக வாயிலில் நின்றவருக்கும், ரெட்மண்டில் வேறு நிற பேட்ஜ் அணிந்து மென்பொருளைச் சோதித்தவருக்கும், தமிழ்நாட்டுத் தொழிற்சாலையில் 480ஆவது நாளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கும் இடையே காலமும் தொழிலும் வேறுபடுகின்றன. மூன்று இடங்களிலும் நிறுவனம் முதலில் நெகிழ்வை விரும்பியது. அந்த நெகிழ்வின் செலவு கூடியபோதோ, அதைச் சட்டம் மறித்தபோதோ நிரந்தரப் பணியை நோக்கி நகர்ந்தது. மைக்ரோசாப்ட் வழக்கில் எட்டுப் பேர் தொடர்ந்த வழக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஆயிரக்கணக்கானோருக்கு இழப்பீடு பெற்றுத் தந்தது. அதைச் சாத்தியமாக்கிய சான்றுகள் மிகச் சாதாரணமானவை: யார் மேற்பார்த்தார், எங்கே அமர்ந்து வேலை செய்தார், யாருடைய கருவியைப் பயன்படுத்தினார் என்ற அன்றாட விவரங்கள்.